மைதானமும் அவருடையது, காரும் அவருடையது!

இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் விதிகளைக் காப்பது யார்?

பந்தய மைதானம் ஒருவருக்குச் சொந்தம். பந்தயத்தை நடத்தும் கம்பெனியும் அவருடையது. அந்தப் பந்தயத்தில் ஓடும் கார்களில் மூன்று அவருடையவை. கார்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்கும் பரிசோதகர்களும் அவருடைய கம்பெனியின் சிப்பந்திகளே. இந்த நிலையில் ஒருநாள் அவருடைய கார்களே விதியை மீறிப் பிடிபட்டால் என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வியல்ல. 2025-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் அப்படியே நடந்தது. அந்த மனிதரின் பெயர் ரோஜர் பென்ஸ்கி. அப்போது அவருக்கு வயது 88. மோட்டார் பந்தய உலகில் அவரை அறியாதவர் கிடையாது. இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் 2024 வரை 20 முறை வெற்றி பெற்றவை அவருடைய கோஷ்டியின் கார்கள். வேறு எந்தக் கோஷ்டியும் அந்த எண்ணிக்கையின் அருகில்கூட வரவில்லை.

"வேலியே பயிரை மேய்ந்த கதை" என்று பலர் சொன்னார்கள். உண்மையில் வேலி மேய்ந்ததா, வேலிக்குத் தெரியாமல் மாடு மேய்ந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் மேய்ச்சல் நடந்தது நிச்சயம். அதன் விவரத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தப் பந்தயம் எப்படிப்பட்டது, அதற்கு ஏன் அவ்வளவு விதிகள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடது பக்கம் மட்டுமே திரும்பும் பந்தயம்

போரில் மாண்ட வீரர்களை நினைவு கூர அமெரிக்காவில் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை விடுமுறை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இந்தப் பந்தயம் நடைபெறுகிறது. முதல் பந்தயம் 1911-ம் ஆண்டு மே 30-ந் தேதி நடந்தது. இரண்டு உலக யுத்தங்களின்போது சில ஆண்டுகள் நின்றதைத் தவிர, வருஷந்தோறும் நடந்து வருகிறது. 2020-ல் கொள்ளை நோய் காரணமாக ஆகஸ்டு மாதத்துக்குத் தள்ளிப் போடப்பட்டு, ரசிகர்களே இல்லாமல் நடந்தது. மற்றபடி அன்று அந்த மைதானத்தில் கூடும் ஜனத்திரள் ஒரு பெரிய நகரத்தின் ஜனத்தொகைக்குச் சமம். நிரந்தர ஆசனங்களே சுமார் இரண்டரை லட்சம்.

பாதை நீள்வட்டம். சுற்றளவு இரண்டரை மைல். 200 முறை சுற்றினால் 500 மைல். இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், இரண்டு குட்டி நேர்ப்பாதைகள், நான்கு வளைவுகள். வளைவுகள் எல்லாமே இடது பக்கம். டிரைவர் மூன்று மணி நேரம் வலது பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

பார்ப்பதற்கு இதைவிடச் சுலபமான பந்தயம் இருக்க முடியாது என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். வளைவுகளின் சாய்வு ஒன்பது டிகிரியும் கொஞ்சமும்தான். மணிக்கு 230 மைல் வேகத்தில் வரும் காரை அந்தச் சாய்வு முழுதும் பிடித்து நிறுத்தாது. காற்றின் அழுத்தமும் டயரின் பிடிப்பும் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். அதனால் காரையே இடது பக்கம் இழுக்கும்படி தயார் செய்கிறார்கள். வலது பக்கத்து டயர்களின் சுற்றளவு இடது பக்கத்து டயர்களைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். வளைவில் கார் தானாகவே திரும்பும். நேர்ப்பாதையில் வந்தாலோ, டிரைவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்! பிடி தளர்ந்தால் சுவர்.

33 கார்கள் ஏன்?

பந்தயத்தில் 33 கார்களுக்கு மட்டுமே இடம். மூன்று மூன்றாகப் பதினொரு வரிசைகள். இந்த எண்ணிக்கை ஜோசியம் பார்த்து வைத்ததல்ல. பாதையில் ஒவ்வொரு காருக்கும் 400 அடி இடம் வேண்டும் என்று பழைய காலத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். இரண்டரை மைல் என்பது 13,200 அடி. அதை 400-ஆல் வகுத்தால் 33. பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய 1933-ல் 42 கார்கள் ஓடின. 1979-லும் 1997-லும் தகராறுகளின் காரணமாக 35 ஓடின. இப்படிச் சில விதிவிலக்குகளைத் தவிர, நெடுங்காலமாக 33 என்பதே வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1911-ல் வெற்றி பெற்றவரின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 75 மைல். அந்த வேகத்தில் 400 அடியைக் கடக்க மூன்றரை விநாடிக்கு மேல் ஆகும். முன்னே விபத்து நடந்தால் யோசிக்க அவ்வளவு நேரம் உண்டு. 230 மைல் வேகத்தில் அதே 400 அடி ஒன்றேகால் விநாடிக்குள் போய்விடுகிறது. கணக்கு மாறவில்லை; கணக்கின் அர்த்தம் மாறிவிட்டது. இடைவெளி கொடுத்து வந்த பாதுகாப்பை இப்போது வேறு எதாவது கொடுத்தாக வேண்டும். அந்த "வேறு எதாவது"தான் விதிப் புத்தகம்.

ரத்தத்தில் எழுதிய விதிகள்

விதிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சாவுக்குப் பிறகு வந்தவை.

1909-ல் கார்ல் பிஷர் என்பவரும் மூன்று கூட்டாளிகளும் மைதானத்தைக் கட்டியபோது பாதையில் கல்லையும் தாரையும் போட்டார்கள். அந்த ஆகஸ்டு மாதம் முதல் முதலாகக் கார்ப் பந்தயங்கள் நடந்த மூன்று நாட்களில் பாதை பெயர்ந்து விபத்துகள் நேர்ந்தன. ஐந்து பேர் மாண்டார்கள். பார்க்க வந்த இருவரும் அதில் அடக்கம். உடனே 32 லட்சம் செங்கற்களைக் கொண்டு வந்து பாதை முழுதும் பரப்பினார்கள். இன்றும் அந்த மைதானத்துக்குச் செல்லப் பெயர் "செங்கல் களம்". இப்போது எல்லாம் தார்ப்பாதைதான்; புறப்படும் கோட்டில் ஒரு கஜம் மட்டும் பழைய செங்கல்லை விட்டு வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவர் மண்டியிட்டு அதை முத்தமிடுவது இப்போதைய சம்பிரதாயம்.

1964-ல் இரண்டாவது சுற்றிலேயே கார்கள் மோதிப் பெட்ரோல் தீப்பற்றியது. எடி சாக்ஸ், டேவ் மக்டொனால்டு என்ற இரு டிரைவர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பெட்ரோல் மறைந்து மெத்தனால் வந்தது. மெத்தனால் தீயைத் தண்ணீரால் அணைக்கலாம். ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் ஜ்வாலை கண்ணுக்குத் தெரியாது! 1981-ல் ஒரு டிரைவரும் அவருடைய மெக்கானிக்குகளும் தீப்பிடித்துத் துடித்தபோது, பார்த்தவர்களுக்கு அவர்கள் ஏன் குதிக்கிறார்கள் என்றே புரியவில்லை. மெத்தனால் போய் எத்தனால் வந்தது 2007-ல்.

1973-ம் ஆண்டு மிக மோசம். டிரைவர்கள் இருவரும் மெக்கானிக் ஒருவரும் மாண்டனர். அதன் பிறகு காரில் 75 காலன் எரிபொருள் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 40 காலனாகக் குறைத்தார்கள். 2002-ல் கான்கிரீட் சுவருக்கு முன்னால் எஃகும் நுரைப் பொருளும் சேர்ந்த, அமுங்கிக் கொடுக்கும் இரண்டாவது சுவர் எழுந்தது. நெப்ராஸ்கா சர்வகலாசாலை எஞ்சினீயர்கள் உருவாக்கிய இந்தச் சுவரை முதலில் அமைத்த மைதானம் இண்டியானாபொலிஸ். 2015-ல் வேறொரு மைதானத்தில் ஜஸ்டின் வில்சன் என்ற டிரைவரின் தலையில், உடைந்த காரின் துண்டு பறந்து வந்து தாக்கியது. அவர் இறந்தார். 2020 முதல் எல்லாக் கார்களிலும் டிரைவருக்கு முன்னால் டைட்டானியச் சட்டமும் கண்ணாடி போன்ற தடித்த திரையும் கட்டாயமாக்கப்பட்டன.

ஆகவே இந்த விதிப் புத்தகத்தில் "இந்தப் பாகத்தைத் தொடாதே" என்று எழுதியிருந்தால், அதைக் குமாஸ்தா ஒருவர் பொழுது போகாமல் எழுதி வைத்தார் என்று நினைக்கக் கூடாது.

பத்து மைலில் தலைவிதி

பந்தயம் ஒரு நாள். அதற்குத் தயாராவது ஒரு மாதம். காரைத் தயாரிப்பதோ குளிர்காலம் முழுவதும்.

புதிய டிரைவர் ஒருவர் நேராக வந்து ஓட்டிவிட முடியாது. முதலில் 205 முதல் 210 மைல் வேகத்தில், பிறகு 210 முதல் 215-க்குள், அதன் பிறகு 215-க்கு மேல் என்று படிப்படியாகச் சுற்றிக் காட்ட வேண்டும். வேகமாகப் போவதற்கு மட்டுமல்ல, சொன்ன வேகத்துக்குள் நிதானமாகப் போவதற்கும் மதிப்பெண் உண்டு. அந்தப் பரீட்சையில் தேறினால்தான் மற்றவர்களுடன் பயிற்சிக்கு அனுமதி.

அடுத்தது தகுதி ஓட்டம். கார் தனியாக நான்கு சுற்று ஓட வேண்டும். மொத்தம் பத்தே மைல். இரண்டரை நிமிஷ வேலை. அந்த நான்கு சுற்றுகளின் சராசரி வேகத்தை வைத்துத்தான் யார் எந்த இடத்தில் நின்று புறப்படுவது என்று முடிவாகிறது. 33-க்கு மேல் எத்தனை கார்கள் வந்தாலும் மிஞ்சியவை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெயில் ஏறினால் பாதை வழுக்கும். காற்றின் திசை மாறினால் வளைவில் கார் நழுவும். காலையில் ஓடியவருக்குக் கிடைத்த வேகம் மத்தியானம் ஓடியவருக்குக் கிடைக்காது. சீட்டுக் குலுக்கி வரிசை எடுக்கும்போதே பாதி அதிர்ஷ்டம் நிச்சயமாகிவிடுகிறது.

இங்கே பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதமில்லை. 2019-ல் பெர்னாண்டோ அலோன்சோ வந்தார். பார்முலா 1 பந்தயத்தில் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர். பின்னால் பெரிய கம்பெனி. கடைசி இடத்துக்கான ஓட்டத்தில் ஒரு சிறிய கோஷ்டியின் இளைஞர் கைல் கைசர் அவரை முந்திவிட்டார். வித்தியாசம் மணிக்கு 0.019 மைல்! உலக சாம்பியன் மூட்டை கட்டினார்.

2025 முதல் இண்டிகார் பந்தயத் தொடரில் நிரந்தர உரிமைச் சீட்டு முறை வந்தது. 25 கார்களுக்கு மற்றப் பந்தயங்களில் இடம் உத்தரவாதம். ஆனால் இண்டியானாபொலிஸ் 500-க்கு மட்டும் அந்த உத்தரவாதம் கிடையாது. இங்கே எவரும் பத்து மைல் ஓடித்தான் இடம் பிடிக்க வேண்டும். "கோடி கோடியாகச் செலவு செய்கிறோம், எங்களுக்கு இடம் ஒதுக்கினால் என்ன?" என்று சில உரிமையாளர்களுக்கு ஆதங்கம் இருக்கிறது. ஒதுக்கிவிட்டால் பிறகு தகுதி ஓட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்? இந்த விஷயத்தில் நிர்வாகம் உறுதியாக நின்றது பாராட்டத்தக்கது.

எல்லோருக்கும் ஒரே கார். 2012 முதல் உடலைக் கட்டித் தருவது டல்லாரா என்ற இத்தாலியக் கம்பெனி. எஞ்சின் ஷெவர்லே அல்லது ஹோண்டா. டயர் பயர்ஸ்டோன். பிறகு ஒருவர் மற்றவரைவிட எப்படி வேகமாகப் போவது? தட்டிக் கொட்டி, தேய்த்து, மெருகேற்றி, சந்து பொந்துகளைச் சரிசெய்துதான். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் நூலிழை இடைவெளி இருந்தால் காற்று அங்கே தடுக்கும். அதற்காக மாதக்கணக்கில் தகடுகளைப் பொருத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். விதி அனுமதிக்கும் இடத்தில் இதற்குப் பெயர் கைத்திறமை. அனுமதிக்காத இடத்தில் இதற்குப் பெயர் வேறு.

பிடிபட்ட இரண்டு கார்கள்

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. முதல் 12 இடங்களுக்கான தகுதி ஓட்டம். பென்ஸ்கி கோஷ்டியின் ஜோசப் நியூகார்டன், வில் பவர் இருவரும் வரிசையில் நின்றார்கள். நியூகார்டன் 2023-லும் 2024-லும் ஜெயித்தவர். மூன்றாம் ஆண்டும் ஜெயித்தால் எவரும் செய்யாத சாதனை. 1953-லும் 1954-லும் ஜெயித்த பில் வுகோவிச் 1955-ல் முன்னணியில் போய்க்கொண்டிருக்கும்போதே விபத்தில் உயிரிழந்தார். அதற்குப் பின் வந்த எவருக்கும் அந்த மூன்றாவது வெற்றி கிட்டவில்லை. ஆகவே ரசிகர்களின் கண்கள் எல்லாம் நியூகார்டன் மீது.

காரின் பின்கோடியில் ஒரு பாகம் உண்டு. கார் பின்பக்கமாகச் சுவரில் மோதினால், அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு நொறுங்குவது அதன் வேலை. அது நொறுங்கினால் டிரைவரின் முதுகெலும்பு பிழைக்கும். எல்லோரும் அதை ஒரே இடத்தில் வாங்கி, வந்தது வந்தபடியே பொருத்த வேண்டும் என்பது விதி. இந்த இரண்டு கார்களிலும் அந்தப் பாகத்தின் இணைப்புக் கோடு பூசி அடைத்து வழவழப்பாக்கப்பட்டிருந்தது. பரிசோதனையில் தெரிய வந்தது. இரண்டு கார்களும் ஓடாமலே வரிசையிலிருந்து திரும்பின.

இதனால் எவ்வளவு வேகம் கூடும்? மிகவும் சொற்பம் என்றே பலர் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மணிக்கு 0.019 மைல் வித்தியாசத்தில் உலக சாம்பியன் வீட்டுக்குப் போன களத்தில் "சொற்பம்" என்ற வாதம் எடுபடாது. தவிர, தொட்டது அலங்காரத் தகட்டையல்ல. உயிர் காக்கும் பாகத்தை.

தண்டனை என்ன? இங்கேதான் குழப்பம் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை நிலவரப்படி இருவரும் 11-வது, 12-வது இடங்களில் நின்று புறப்படலாம். அதாவது ஓடாமல் போனதால் வந்த நஷ்டம் மட்டுமே. மற்றக் கோஷ்டிகளின் உரிமையாளர்கள் கொதித்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை புதிய உத்தரவு வந்தது: இருவரும் கடைசி வரிசைக்கு, 32-வது, 33-வது இடங்களுக்கு இறக்கம், ஒவ்வொரு காருக்கும் ஒரு லட்சம் டாலர் அபராதம், இரண்டு கார்களின் வியூகத் தலைவர்களும் பந்தயத்தில் கலந்துகொள்ளத் தடை. புதன்கிழமை பென்ஸ்கியே தம் கோஷ்டியின் உயர் அதிகாரிகள் மூவரை வேலையிலிருந்து நீக்கினார். இரண்டு ஆண்டுகளாகத் தம் ஸ்தாபனத்தில் கோளாறுகள் நேர்ந்துவிட்டன என்று ஒப்புக்கொண்டு ரசிகர்களிடம் மன்னிப்பும் கேட்டார்.

"இரண்டு ஆண்டுகள்" என்றதற்குக் காரணம் உண்டு. 2024-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பந்தயத்தில் நியூகார்டன் ஜெயித்தார். ஆறு வாரங்களுக்குப் பின் அந்த வெற்றி பறிக்கப்பட்டது. முந்திச் செல்ல உதவும் கூடுதல் சக்திப் பொத்தானை, அது வேலை செய்யக் கூடாத நேரத்திலும் வேலை செய்யும்படி பென்ஸ்கி கார்களில் வைத்திருந்தது வெளிப்பட்டதே காரணம்.

ஞாயிறு ஒரு தண்டனை, திங்கள் ஒரு தண்டனை! இரண்டில் எது விதிப்படியானது? திங்கட்கிழமை உத்தரவு நியாயமானதே என்று வைத்துக்கொண்டாலும், அதைப் பிறப்பித்தவர் யார் என்பதை மறக்க முடியாது. பந்தயத் தொடரின் தலைவர் டக் போல்ஸ். மைதானத்தின் தலைவரும் அவரே. இரண்டும் பென்ஸ்கிக்குச் சொந்தமானவை. அவர் கடுமையாகத் தண்டித்தால் "எஜமானர் தப்பிக்க வழி செய்தார்" என்பார்கள். லேசாகத் தண்டித்தால் "எஜமானரைக் காப்பாற்றினார்" என்பார்கள். எவ்வளவு நேர்மையான மனிதரானாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சந்தேகம் கூடவே உட்கார்ந்துவிடும்.

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். அந்த ஆண்டு வந்த கார்கள் 34. இடம் 33. மிஞ்சியவர் ஜேக்கப் ஏபெல் என்ற புது டிரைவர். ஞாயிற்றுக்கிழமை நான்கு சுற்று ஓடி, வேகம் போதாமல் வெளியேறினார். விதியை மீறாத அவருக்கு இடமில்லை. மீறிய இருவருக்கும் கடைசி வரிசையிலாவது இடம் இருந்தது.

விதியைப் படிப்பதில் வல்லவர்

பென்ஸ்கியை வெறும் பணக்காரர் என்று எண்ணிவிடலாகாது. 1951-ல், 14 வயதில், தந்தையுடன் முதல் முறையாக இந்தப் பந்தயத்தைப் பார்க்க வந்தவர். 1969-ல் தம் சொந்தக் கோஷ்டியுடன் வந்தார். 1972-ல் முதல் வெற்றி. அவரைப் போல் விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தவர் இல்லை என்று சொல்லலாம்.

1981-ல் அவருடைய டிரைவர் பாபி அன்சர் ஜெயித்தார். மஞ்சள் கொடி காட்டியபோது மற்றவர்களை முந்தினார் என்று மறுநாள் காலை வெற்றியைப் பறித்து மரியோ ஆண்ட்ரெட்டிக்குக் கொடுத்தார்கள். பென்ஸ்கி அப்பீல் செய்தார். விதியின் வாசகம் தெளிவாக இல்லை என்று வாதாடினார். அக்டோபர் மாதத்தில் வெற்றி அன்சருக்கே திரும்பக் கிடைத்தது. 40,000 டாலர் அபராதம் மட்டும் கட்ட வேண்டியிருந்தது.

1994-ல் நடந்தது இதைவிடச் சுவையானது. சாதாரணக் கார் எஞ்சினைப் போன்ற பழைய மாதிரி எஞ்சின்களைக் கொண்டு வரும் சிறிய கோஷ்டிகளுக்கு உதவியாக, அந்த ரகத்துக்குக் கூடுதல் அளவும் கூடுதல் காற்றழுத்தமும் விதியில் அனுமதிக்கப்பட்டிருந்தன. ஏழைக்கென்று திறந்து வைத்த அந்த வாசல் வழியாகப் பென்ஸ்கி யானையை ஓட்டி வந்தார்! மெர்ஸிடஸ் பெயரில் புத்தம் புதிய பந்தய எஞ்சின் ஒன்றை அந்த மாதிரியிலேயே ரகசியமாகச் செய்வித்தார். அல் அன்சர் ஜூனியர் அதை ஓட்டி ஜெயித்தார். விதியை அவர் மீறவேயில்லை. அந்தச் சலுகையைப் பிறகு குறைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1995-ல், அதே அன்சரும் எமர்சன் பிட்டிபால்டியும் 33-க்குள் வரமுடியாமல் பென்ஸ்கி கோஷ்டி முழுவதும் பந்தயத்துக்கு வெளியே நின்றது. இந்தக் களத்தின் பெருமையே அதுதான். சென்ற ஆண்டின் ஜெயசாலிக்கும் இந்த ஆண்டு சலுகை கிடையாது.

இப்படி விதியின் ஓட்டையைத் தேடுவது பந்தயக்காரனுக்கு அழகு. ஓட்டையை அடைப்பது நடத்துபவனின் கடமை. 2020 ஜனவரியில் ஹல்மன் குடும்பத்தாரிடமிருந்து மைதானமும் பந்தயத் தொடரும் பென்ஸ்கியின் கைக்கு வந்தபோது இரண்டு வேலைகளும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. மோதல் ஏற்படக் கூடாதென்று அப்போதே அவர் தம் கோஷ்டியின் வியூகப் பெட்டியில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார். மைதானத்துக்கு நிறையச் செலவும் செய்தார். வாங்கிய சில மாதங்களிலேயே கொள்ளை நோய் வந்து ஆசனங்கள் காலியாகக் கிடந்தபோதும் பந்தயத்தைக் கைவிடவில்லை. அதையெல்லாம் எவரும் மறுக்கவில்லை.

மைதானத்துக்காரரே கார் ஓட விடுவதும் புதிதல்ல. 1919-ல் ஹௌடி வில்காக்ஸ் ஓட்டி ஜெயித்த பூஷோ கார் மைதானத்தார் கொண்டு வந்த கார்தான். ஹல்மன் குடும்பத்தின் பேரர் டோனி ஜார்ஜ் மைதானத் தலைவராக இருந்தபோதே 2005-ல் சொந்தக் கோஷ்டி ஆரம்பித்தார். ஆனால் அந்தக் கோஷ்டி ஜெயிக்கவில்லை. ஆகவே யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. பென்ஸ்கியின் சங்கடம் அவர் ஜெயித்துக்கொண்டே இருப்பது.

பந்தயத்துக்குப் பின்னும் பரிசோதனை

மே 25-ந் தேதி பந்தயம் நடந்தது. ஆசனங்கள் முழுதும் விற்றுத் தீர்ந்திருந்தன. மொத்தப் பரிசுப் பணம் 2 கோடி டாலருக்கு மேல். முதல் இடத்திலிருந்து புறப்பட்டவர் ராபர்ட் ஷ்வார்ட்ஸ்மன் என்ற புது டிரைவர், மணிக்கு 232.790 மைல். புது டிரைவர் ஒருவர் முதல் இடம் பிடித்தது 1983-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. பென்ஸ்கியின் மூன்றாவது கார் பந்தயம் தொடங்குமுன்னரே டயர்களைச் சூடேற்றும் சுற்றில் சுவரில் மோதியது. நியூகார்டன் கடைசி வரிசையிலிருந்து முதல் பத்து இடங்களுக்குள் முன்னேறியபின் எரிபொருள் அழுத்தக் கோளாறால் நின்றார். ஸ்பெயின் தேசத்து அலெக்ஸ் பலோவ் ஜெயித்தார். அந்நாட்டவர் ஒருவர் இந்தப் பந்தயத்தில் ஜெயித்தது அதுவே முதல் முறை. ஜெயித்தவர் பால் குடிப்பது இங்கே வழக்கம். 1936-ல் லூயி மேயர் குடித்த மோரிலிருந்து வந்த வழக்கம் அது. பலோவும் குடித்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. மறுநாள் பரிசோதனையில் இன்னும் மூன்று கார்கள் சிக்கின. இரண்டாவதாக வந்த மார்கஸ் எரிக்சன் 31-வது இடத்துக்குத் தள்ளப்பட்டார். அவர் கோஷ்டியைச் சேர்ந்த கைல் கர்க்வுட் 32. மற்றொரு கோஷ்டியின் கேலம் ஐலட் 33. பாகங்கள் விதிப்படி இல்லை என்பதே காரணம். எரிக்சன் 2022-ல் ஜெயித்தவர். கடைசிச் சுற்றுகள் வரை ஜெயிக்கும் நிலையில் இருந்தவர். பென்ஸ்கியின் கார்களைத் தண்டித்த சூட்டோடு சூடாக மற்றவர்களையும் கடுமையாகப் பார்த்தார்களா, அல்லது முன்பே இப்படிப் பார்த்திருக்க வேண்டுமா? இரண்டாவதுதான் சரி என்று தோன்றுகிறது. பரிசோதனை ஒரு வாரம் தளர்ந்து மறு வாரம் இறுகினால், கோஷ்டிகள் காரைப் படிப்பதை விட்டுப் பரிசோதகரின் முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடும்.

அந்த ஆண்டு ஜூலையில் பாக்ஸ் டெலிவிஷன் கம்பெனி, பென்ஸ்கியின் பந்தய ஸ்தாபனத்தில் மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. பந்தயத்தை ஒளிபரப்புவதும் அந்தக் கம்பெனியே. ஆக, நடத்துபவர், ஓட விடுபவர், ஊருக்குக் காட்டுபவர் என்ற மூவரின் கணக்கும் ஒரே பேரேட்டுக்கு வந்து சேர்ந்தது.

இந்த நிலையில் ஆண்டு முடிவதற்குள் ஒரு மாற்றம் அறிவிக்கப்பட்டது. 2026 முதல் பந்தய மேற்பார்வையும் கார்ப் பரிசோதனையும் தண்டனையும் பென்ஸ்கியின் கம்பெனியிலிருந்து பிரிக்கப்பட்டு மூன்று பேர் கொண்ட தனிக் குழுவின் பொறுப்பில் விடப்படும். அவர்களில் இருவரைக் கோஷ்டிகளின் உரிமையாளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவரை உலக மோட்டார் சம்மேளனம் நியமிக்கும். 2024-லேயே, பொத்தான் விவகாரம் வெளிவந்த வாரத்திலேயே செய்திருக்க வேண்டிய காரியம் இது. இரண்டு அபராதங்களும் மூன்று பேரின் வேலையும் போன பிறகு வந்தது.

குழு தனியாகிவிட்டது சரி. அதன் மேஜைக்கு முதலில் வர வேண்டிய கேள்வி 34-வது காரைப் பற்றியது. தகுதி ஓட்ட நாளில் 33-க்குள் இருக்கும் ஒரு கார், உயிர் காக்கும் பாகத்தை மாற்றியதாகப் பிடிபட்டால், அதைக் கடைசி வரிசையில் நிறுத்துவதா, அல்லது அதன் இடத்தை எடுத்து, வெளியே நிற்கும் டிரைவரைக் கூப்பிட்டுக் கொடுப்பதா? 2025-ல் ஜேக்கப் ஏபெலை யாரும் கூப்பிடவில்லை.